நான் வெட்டிய நான்கு நிமிடங்கள்

போன மாதம் மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். ஒரு கல்லூரியின் ஒலி-ஒளி அறையில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன்; இப்போது அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். கையில் ஒரு பெட்டி. ஏதோ பெயர்பெற்ற கொரியப் படமாம், சேகரித்து வைப்பவர்களுக்கென்றே வெளியிட்டதாம். உள்ளே இரண்டு டிஸ்க், ஒரு புத்தகம், படத்தின் ஸ்டில்கள். எல்லாம் போனிலேயே பார்க்கக் கிடைக்கும் காலத்தில் இதற்கு எதற்கடா காசைக் கொட்டினீர்கள் என்று கேட்டேன்.

"தியேட்டர்ல வராத நாலு நிமிஷம் இதுல இருக்குக்கா. அதுக்காகத்தான்" என்றான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு நிமிசத்த வெட்டுனவகிட்டயே வந்து பெருமை பேசுதீயளே" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் விடவில்லை. அறையின் மலருக்கு எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்று நிற்கிறார்கள். சரி, எழுதுகிறேன். என் பெருமையும் என் மடத்தனமும் இதில் சரிபாதி இருக்கும்.

கல்லூரிக்குப் போவதற்கு முன் பதினைந்து வருஷம்போல ராஜபாளையத்தில் ஒரு வீடியோ லைப்ரரியில் இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கேசட்டுக்கு லேபிள் எழுதத்தான் எடுத்தார்கள். ஒரு வருஷம் லேபிள் எழுதி, ஒரு வருஷம் திரும்பி வந்த கேசட்டுகளை ரீவைண்ட் செய்து, மூன்றாம் வருஷம் பதிவு அறைச் சாவி என் கைக்கு வந்தது. பயிற்சி என்று கேட்டால் அவ்வளவுதான்.

முதலாளி வெங்கட்ராஜா. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'கோமதியம்மா' என்றுதான் கூப்பிடுவார். மூவாயிரம் கேசட் வைத்திருந்த அந்த மனிதர் ஒரு படம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. டி.வி. பக்கம் திரும்பமாட்டார், வீடியோ டெக்கின் கவுண்டரில் ஓடும் எண்ணைத்தான் பார்ப்பார். "படத்தப் பாத்தா வேலையில கண்ணு இருக்காதும்மா" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது. எழுந்துபோய் ஒரு டெக்கின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த மான்தோல் துண்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். கடைக்குள் ஸ்பிரிட் வாடை வந்தால் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொள்வோம்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு படம், ஒரு கேசட். இரண்டு கேசட்டாகக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தருவார்கள், மற்றது கட்டிலுக்கடியில் கிடக்கும். ஆகையால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிற படத்தில் பத்து நிமிஷம், கால் மணி நேரம் குறைத்தாக வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஒரு டெக்கில் படம் ஓடும், அடுத்த டெக்கில் பதிவாகும், என் விரல் பதிவை நிறுத்தி வைக்கிற பாஸ் பொத்தானில் இருக்கும். வேண்டாத இடம் வந்ததும் அழுத்தி, முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கும்போது டேப் ஒரு நொடி பின்னால் போய்த்தான் முன்னால் வரும். அதற்கு ஏற்ற மாதிரி விரல் முந்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படம் வெட்டியது பளிச்சென்று தெரியும். நான் வெட்டினால் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த வட்டாரத்தில் அப்படியொரு விரல் வேறு யாருக்கும் இல்லை.

எதை வெட்டலாம் என்பதும் ஒரு படிப்புதான். சிரிப்புக் காட்சியைத் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டுவிட்டேன், வத்திராயிருப்பிலிருந்து ஒரு ஆச்சி பஸ் ஏறி வந்து கவுண்டரில் நின்று கேட்டாள்: "எம்புட்டு ஆசையா டெக்க வாடகைக்கு எடுத்து உக்காந்தோம், சிரிக்கிற எடத்தத் தின்னுபுட்டியே." அன்றிலிருந்து என் கணக்கு வேறு. சும்மா உட்கார்ந்திருப்பது, சும்மா நடப்பது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. இந்த மூன்று சும்மாவையும் வெட்டினால் ஒரு ஆளும் கேட்டு வரமாட்டான். எட்டு வருஷம் இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

இனி பிச்சையா அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரர். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். மெஷினோடு பேசினாலும் பேசுவார், மனுஷனோடு பேசமாட்டார் என்று தெருவில் கேலி செய்வோம். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி சண்முகத்தாய் மதினி பேசிவிடுவாள். ஒரே மகன் முருகேசன். யார் யாரையோ பார்த்து அவனை மில்லில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார் அண்ணாச்சி. அவனுக்கு வேலை பிடிக்கவில்லை. வீட்டில் சொல்லாமல் நின்றுவிட்டு, காலையில் தூக்குவாளியோடு கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று, ஷிஃப்ட் விடுகிற நேரம், மில் கேட்டில் வைத்து அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று விட்டார். பையன் கொஞ்ச நாளில் பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

அதோடு நாலு வருஷம். லீவில் வந்தால் கான்சாபுரத்தில் அத்தை வீட்டில் தங்குவான். பகலில் வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்பாவைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அவிய' என்பான், அதுவும் அம்மாவிடம் மட்டும். நேருக்கு நேர் ஒரு சொல் கிடையாது.

"இவிய எறங்கி வரமாட்டாவ. அவன், இவிய ஒரு வார்த்த சொல்லாம வரமாட்டான். நடுவுல நாந்தான் கெடந்து சாகுதேன் கோமதி" என்று மதினி என்னிடம் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஒரு கொரியாக்காரரும் வந்தார். கிம் என்றார்கள், முழுப் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் கெஸ்ட் ஹவுஸில் இருந்தார். அண்ணாச்சிதான் அவருக்குக் கூடமாட உதவிக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தமிழே அதிகம் வராது, அப்படி ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி கெஸ்ட் ஹவுஸ் போய் அவரோடு சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிம் தன் ஊர்ப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார். துறைமுகத்து ஊரில் ஒரு அப்பா. மீன் சந்தையில் எல்லோர் முன்னாலும் மகனை அறைந்துவிடுகிறார், மகன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். வருஷங்கள் கழித்து ஒரு நாள் மட்டும் வந்து தங்கிவிட்டுப் போகிறான். கதை இவ்வளவுதான். அண்ணாச்சி அடுத்த ஞாயிறும் அதையே போடச் சொல்லிப் பார்த்தாராம், அதற்கடுத்த ஞாயிறும்.

ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். கிம் இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நீட்டினார். முதலாளியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அதுவரை பார்த்த வீடியோ கேசட் எல்லாம் அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டவை. இது நீலத் துணி ஒட்டிய பெட்டி. உள்ளே இரண்டு கேசட், அவற்றைத் தூக்கி எடுக்கச் சின்ன நாடா, படங்கள் போட்ட ஒரு புத்தகம், பேனாவால் எண் எழுதிய ஒரு கெட்டி அட்டை. கொஞ்சம் பெட்டிகள்தான் போட்டார்கள், இது அதில் இத்தனையாவது என்று அர்த்தமாம். லேபிள் எழுதிய கைக்கு அந்தப் பெட்டியைத் தொடும்போது கூச்சமாக இருந்தது.

"முருகேசன் வெள்ளிக்கிழம வாரான். சனிக்கிழம சாயந்தரம் பட்டாளத்துக்குத் திரும்பிருவான். அதுக்குள்ள ஒரு காப்பி வேணும்" என்றார் அண்ணாச்சி. அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டதே இல்லை. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெற்றவர் வாயால் சொல்ல முடியாததைப் படத்தைக் காட்டிச் சொல்லப் பார்க்கிறார் என்பது விளங்காதா என்ன?

கிம்மும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்புகிறார், அதுவரை பெட்டி கடையில் இருக்கலாம் என்று பேச்சு. முதலாளி அண்ணாச்சியோடு படி இறங்கிப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் பதிவு அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாட்டுக் கேசட் நம் ஊர் டெக்கில் ஓடாது, படம் உருளும், நிறம் வராது. எல்லா நாட்டுக் கேசட்டும் எடுக்கிற டெக் கடையில் இரண்டு இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏற்றினேன். முதல் கேசட் முடிகிறபோது டெக்கின் கவுண்டரைப் பார்த்தேன். அந்த நாட்டு முறையில் டேப் வேகமாக ஓடுகிறது, நம் மூன்று மணி நேரக் கேசட் இரண்டு மணி சொச்சத்தில் தீர்ந்துவிடும் போலிருந்தது. நாலு மணி நேரக் கேசட் கடையில் இல்லை. ஒரு படம் ஒரு கேசட்.

மடச்சி, இரண்டாவது கேசட் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது. தோன்றவே இல்லை. விரல் தானாகவே பாஸ் பொத்தானுக்குப் போய்விட்டது. கடற்கரையில் மகன் சும்மா நடந்தான், வெட்டினேன். பஸ்ஸில் சும்மா பார்த்துக்கொண்டு வந்தான், வெட்டினேன். அப்பாவும் மகனும் குட்டை மேசை போட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரு பேச்சு இல்லை, கரண்டிச் சத்தம்தான். அழுத்திவிட்டு அடுத்த காட்சி வரும்வரை அடுத்த படத்துக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் படம் கேசட்டுக்குள் அடங்கியது. நல்ல வேலை செய்தோம் என்று எனக்கு ஒரே திருப்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு டெக்கில் ஒன்றையும் ஒரு டி.வி.யையும் ஆட்டோவில் ஏற்றிப் போய் அண்ணாச்சி வீட்டில் நானே மாட்டிக் கொடுத்தேன். முருகேசன் வந்திருந்தான். மதினி எப்படியோ கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். அவன் ஒரு மூலையில், அவர் ஒரு மூலையில். மூன்று பேருக்கு நடுவே நாம் எதற்கு என்று கேசட்டைப் போட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் முதலாளி வந்துவிட்டிருந்தார். நீலப் பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நூத்தி நாப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. எந்தக் கேசட்ல ஏத்துனீங்க கோமதியம்மா?"

சொன்னேன்.

"அது நூத்தி முப்பதுகூட ஓடாதே. மிச்சம் எங்க?"

நான் பாஸ் பொத்தானைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் டெக்கின் மூடியைக் கழற்றினார். ஸ்பிரிட் வாடை வந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஹெட்டைத் துடைத்து முடித்து, பெட்டியிலிருந்த இரண்டாவது கேசட்டைப் போட்டு, "எங்கெல்லாம் கை வச்சீங்களோ அங்கெல்லாம் நிறுத்துங்க" என்றார்.

கடற்கரையைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். சாப்பாடு வந்தது. அந்தக் கிழவர் ஒரு மீனைத் திருப்பிப் போட்டு, தடித்த விரலால் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். எடுத்துக்கொண்டே இருக்கிறார். சதையை மட்டும் மகன் கிண்ணத்தில் வைக்கிறார். மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகன் சாப்பிடுகிறான். கிழவர் எழுந்து போய்விடுகிறார். நாலு நிமிஷம், ஒரு சொல் இல்லை. என் முதலாளி கவுண்டரை விட்டுவிட்டு டி.வி.யைப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையா சும்மா என்று நினைத்தேன்?

"பிச்சையா அன்னிக்குப் படியில வச்சு என்கிட்ட இது ஒண்ணுதான் சொன்னாரு. 'அந்தச் சாப்பாட்டு எடம் நல்லா விழணும்'னு. உங்ககிட்டச் சொல்லாம நான் கல்யாணத்துக்குப் போயிட்டேன். என் தப்பும் இருக்கு." கேசட்டை எடுத்து, ஒரு துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். "அசலையே கொண்டு போங்க. அந்த எடத்தப் போட்டுக் காட்டிட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க. மூணு மணிக்கு அவர் கார்."

எண் போட்ட பெட்டியில் இருந்ததை என்னை நம்பித் தருகிறாரே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கென்று புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் படிவரைக்கும் தொங்கியது. கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். "பிள்ளைக்கு மொட்டையா?" என்று ஒருத்தி துண்டைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன், கொஞ்சம் இடம் விட்டாள்.

நான் போனபோது முருகேசன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி டி.வி.க்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து ஒரு எடம் வந்திருக்காது. சாப்பாட்டு எடம். நாந்தான் வெட்டிப்புட்டேன். படம் கேசட்டுக்குள்ள கொள்ளல, சும்மா சாப்பிடுதாகன்னு வெட்டிப்புட்டேன். என்னத் திட்டுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

திட்டு விழவில்லை. மதினி சிரித்தாள். "அதான் பாத்தோமே. அந்த எடம் வரும் வரும்னு இவிய குத்துக்கால் வச்சு உக்காந்திருந்தாவ. படமே முடிஞ்சிட்டு. பொறவு, இந்தா, இவிய வாயத் தொறந்து சொன்னாவ பாரு. நான் வாக்கப்பட்டு வந்து இம்புட்டு நேரம் இவிய பேசிக் கேட்டதில்ல."

"என்ன சொன்னாக?"

"அந்தக் கெழவன் முள்ள எடுத்து மீன மகனுக்கு வைப்பானாம். வச்சிட்டு, 'ஏலே, ஒன்ன அம்புட்டுப் பேரு முன்னால அடிச்சிருக்கக் கூடாது. அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல'ன்னு சொல்லுவானாம். எனக்கு அழுக வந்துட்டு. இவனும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். 'நல்ல படந்தாம்மா'ன்னான்."

அன்று காலையில்தான் அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். கிழவர் வாயே திறக்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி. நேரமாயிட்டு. கிம்மோட கேசட்டு, பத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்திரு" என்றார்.

"இல்ல, போடுங்க அத்த. அம்புட்டு தூரம் கொண்டாந்திருக்கீய. அவிய சொன்ன எடத்தப் பாத்துட்டுப் போறேன்" என்றான் முருகேசன்.

போடாமல் போய்விடலாம். டெக்கில் கோளாறு என்று ஒரு பொய் சொன்னால் போதும், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருதரம் வெட்டியாயிற்று, இன்னொரு தரம் வெட்ட என் கை வரவில்லை. கேசட்டைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டி, பொத்தானை அழுத்தினேன்.

குட்டை மேசை வந்தது. மீன் வந்தது. கிழவர் முள்ளை எடுத்தார். முருகேசன் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கிழவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று மதினியும் முன்னால் குனிந்தாள். கிழவர் சதையைக் கிண்ணத்தில் வைத்தார். எழுந்தார். போனார். அடுத்த காட்சியில் பஸ் கிளம்பியது. நான் டெக்கை நிறுத்தினேன்.

அண்ணாச்சி முக்காலியிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

"அந்த ஆளு ஒண்ணுமே சொல்லலையேப்பா" என்றான் முருகேசன்.

அவர் நின்றார். திரும்பவில்லை.

"ஆமாலே. அது நான் சொன்னது."